காஞ்சிக்குக் கடல் இருந்த காலம்

கூரத்துக்கும் கடலுக்கும் சாலை வழியே எழுபது கிலோமீட்டர் சொச்சம். நடுவே காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கணக்கில் அடங்காத வேகத்தடைகள். தமிழ்நாட்டு அலைச்சறுக்கின் வரலாற்றைக் கூரத்தில் தொடங்குகிறேன் என்று சொன்னால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் முகத்தைச் சுளிப்பார். வைணவப் பெரியவர் கூரத்தாழ்வான் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் காஞ்சி வரதர் கோயில் வரைக்கும் கேட்டதாகக் குருபரம்பரைக் கதை உண்டு. மல்லை, அதாவது மாமல்லபுரத்துக் கடலின் சத்தம் கூரத்தில் கேட்டதாகக் கதைகூடக் கிடையாது.

ஆனால் கூரத்துச் செப்பேட்டில் அலை இருக்கிறது. பரமேசுவரவர்ம பல்லவன், ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. மன்னர் பெருவளநல்லூரில் சாளுக்கிய விக்கிரமாதித்தனோடு மோதினார். அந்தப் போரை வடமொழியில் வருணிக்க வந்த புலவருக்குக் கை நின்றபாடில்லை. புழுதியில் சூரியன் சந்திரனாகிறது, யானைகள் மேகமாகின்றன, வாள்கள் மின்னலாகின்றன. மழைக்காலம் முடிந்ததும் கடலுக்குத் தாவுகிறார். உயரமான குதிரைகள் அலைகளாம், யானைகள் சுழல் கிளப்பும் கடல் பிராணிகளாம், சங்கு ஓயாமல் ஊதுகிறதாம். பெருவளநல்லூர் திருச்சிப் பக்கம். அங்கிருந்தும் கடலைப் பார்க்க முடியாது.

புலவர் இந்த உவமையை எங்கே பிடித்தார் என்று எனக்கு ஒரு ஊகம். செப்பேட்டில் இல்லாதது, நானாகக் கட்டியது. எழுத்தாணியோடு அவர் ஒருநாள் மல்லைக்குப் போயிருப்பார். மணலில் கட்டுமரத்தைப் பிரித்துக் காய வைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டிருப்பார்:

“ஏனப்பா, இந்த அலை எம்மாத்தம் ஒசரம் வரும்?”

“காத்தைப் பொறுத்தது சாமி. சில நாள் குதிரை ஒசரத்துக்கு வரும்.”

புலவர் காஞ்சிக்குத் திரும்பி, அலையையும் குதிரையையும் இடம் மாற்றி எழுதி, சன்மானம் வாங்கியிருப்பார். கட்டுமரக்காரர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. தமிழ்க் கடற்கரையின் விளையாட்டுச் செய்தி எழுதும் முறை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

செப்பேட்டின் மற்ற சேதிகளும் சுவையானவை. பரமேசுவரனின் தாத்தா நரசிம்மவர்மன், தோற்று ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயத் தகடாக வைத்து ‘விஜயம்’ என்ற சொல்லை எழுதினாராம். பேரன் பங்குக்கு, பல லட்சம் படையோடு வந்த விக்கிரமாதித்தன் ஒரு கந்தல் துணியை மட்டும் சுற்றிக்கொண்டு ஓடினான் என்று போட்டிருக்கிறார்கள். பட்டு நெசவு காஞ்சிக்குப் பிற்பாடு வந்த தொழில். இருந்தாலும் துணிக்குப் பெயர்போன ஊரின் எதிரி அரை முழக் கந்தலோடு போனான் என்று எழுதியதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. சாளுக்கியர் தரப்பைக் கேட்டால் கதை தலைகீழ். காஞ்சியைப் பிடித்தோம், பல்லவனைப் பணிய வைத்தோம் என்று அவர்களும் பட்டயம் வைத்திருக்கிறார்கள். கத்வால் பட்டயப்படி 674இல் விக்கிரமாதித்தன் உறையூரில் கூடாரம் போட்டிருந்தார். இரு தரப்பும் ஜெயித்த போர் அது. இன்றைய தேர்தல் முடிவு விவாதங்களுக்கு முன்னோடி.

செப்பேட்டின் தமிழ்ப் பகுதிக்கு வந்தால் புலவர் மறைந்து கணக்குப்பிள்ளை வந்துவிடுகிறார். பரமேசுவரமங்கலம் என்ற ஊரைப் பங்கு போடுகிறார்கள். வேதம் படித்தவர்களுக்கு இவ்வளவு, கூரத்து வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகத்துப் பூசைக்கு இவ்வளவு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு இவ்வளவு, அங்கே தண்ணீரும் தீயும் வைப்பவருக்கு இவ்வளவு. பாலாற்றிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரும்பிடுகு வாய்க்காலுக்கும் அதில் இடம் உண்டு. அலையைப் பற்றித் தகவல் கொடுத்த ஆளுக்கு மட்டும் பங்கு இல்லை.

பல்லவர்களுக்குக் கடல் தெரியாது என்று சொல்லவில்லை. அவர்களுடைய துறைமுகம் மாமல்லபுரம். யானையும் மணியும் ஏற்றி, பாரத்தில் தாழ்ந்து நின்ற கலங்களைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். நரசிம்மவர்மன் காலத்தில் இலங்கை இளவரசன் மானவர்மன் நாட்டை இழந்து காஞ்சியில் அடைக்கலமாகி, மன்னருக்கு ஊழியம் பார்த்துக் காத்திருந்தான். யானை மேலிருந்த மன்னர் இளநீரைக் குடித்துவிட்டு மிச்சத்தை அவனிடம் நீட்டிய கதையைச் சூளவம்சம் நட்பின் அடையாளமாகச் சொல்கிறது. மிச்சத்தை வாங்கிக்கொண்டவன் அதை எப்படிச் சொல்லியிருப்பானோ! ஒருவழியாகக் கப்பலும் படையும் கிடைத்தன. முதல் தடவை காரியம் ஆகவில்லை. இரண்டாவது தடவை அரியணை கிடைத்தது. கடல் தாண்டிப் போய் ஆட்சியைப் பிடிக்கத் தெரிந்தவர்கள்தான்.

பரமேசுவரனுக்கு அடுத்து வந்த ராஜசிம்மன் 720இல் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பினார். அரபியரையும் திபெத்தியரையும் எதிர்க்க யானைப் படையும் குதிரைப் படையும் தருகிறேன், அந்தப் படைக்கு நீங்களே ஒரு பெயர் வையுங்கள் என்று கேட்டார். சீனர் பெயரும் வைத்துக் கொடுத்தார். பிறக்கும் குழந்தைக்குத் தலைவரைப் பெயர் வைக்கச் சொல்லும் பழக்கம் நமக்கு மேடை அரசியலில் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இவ்வளவும் செய்தவர்கள் அலையில் மட்டும் இறங்கவில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தைப் பாருங்கள். அசல் அளவில் யானைகள், தவம் செய்யும் பூனை, அதைச் சுற்றி ஏமாந்த எலிகள், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். நடுவில் ஒரு வெடிப்பு. மேலே தொட்டியில் நிரப்பிய தண்ணீரை அதன் வழியே விட்டு, கங்கை பூமிக்கு இறங்குவதாகக் காட்டினார்கள். கூப்பிடு தூரத்தில் வங்காள விரிகுடா இலவசமாக அலை அடித்துக்கொண்டிருக்க, அதற்கு முதுகைக் காட்டி நின்று, தொட்டித் தண்ணீரில் கங்கை வரவழைத்த சிற்பிகளின் மன உறுதியைப் பாராட்ட வேண்டும். மூக்கைச் சொறியும் மானுக்குக் கிடைத்த இடம் கட்டுமரக்காரருக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கட்டுமரம் எப்பேர்ப்பட்ட சாமான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லேசான மரத்துண்டுகள் சில, கட்டக் கயிறு, ஒரு துடுப்பு. ஆணி கிடையாது, உள்ளே தண்ணீர் புகுமோ என்ற கவலை கிடையாது, ஏனென்றால் உள்ளே என்று ஒன்று கிடையாது. அலை மேலே ஏறி வழிந்து போய்விடும். கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரை திரும்பும்போது பின்னால் எழும் அலையைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, அது வந்து தூக்கும் நொடியில் துடுப்பைப் போட்டு, அணியத்தை நேராகப் பிடித்து, அதன் முதுகில் மணல் வரைக்கும் வந்துவிட வேண்டும். தப்பினால் மீனும் போச்சு, பல்லும் போச்சு. இதையே வண்ணப் பலகை வைத்துக்கொண்டு, மீன் இல்லாமல் செய்தால் அதற்கு உலகக் கோப்பை, ஒலிம்பிக் பதக்கம் எல்லாம் உண்டு. 1690இல் சென்னைக்கு வந்துபோன வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி, 1697இல் அச்சான தன் புத்தகத்தில் இதை எழுதிவைத்தார். கொள்ளையடிப்பதும் குறிப்பெடுப்பதும் அவருடைய இரண்டு தொழில்கள். ஒருவர் மட்டும் போகும் சின்னக் கட்டுமரத்தில் அந்த ஆளின் காலும் பிட்டமும் எப்போதும் தண்ணீரில்தான் என்று பதிந்திருக்கிறார். நம் புலவர்கள் ஆயிரம் ஆண்டாகக் கவனிக்காததை ஒரு கடற்கொள்ளைக்காரர் கவனித்தார். கவனித்த இடம் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான்.

இந்தக் கடற்கரைக்கு அலையின் அருமையை முறையாகக் கற்றுக்கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அதுவும் தொப்பலாக நனைந்து. 1639 ஆகஸ்ட் 22இல் பிரான்சிஸ் டே, தாமர்ல நாயக்கர்களிடம் மதராசப்பட்டினத்து மணல்வெளிக்கு அனுமதி வாங்கினார். கப்பல் ஒதுங்க ஒரு மறைவு இல்லை, ஆழமான கழிமுகம் இல்லை. கரையை ஒட்டி வரிசையாக அலை உடையும் திறந்த வெளி. உலகத்தில் இவ்வளவு கடற்கரை இருக்க இந்த இடத்தை ஏன் பிடித்தார் என்பதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு வம்பு உண்டு. பக்கத்துச் சாந்தோமில் டே துரைக்கு ஒரு சிநேகிதி இருந்தாராம். பார்த்துப் பேச வசதியாக இருக்கட்டும் என்று கோட்டையை இங்கே கட்டினாராம். வம்புதான், ஆதாரம் கேட்கக் கூடாது. ஆனால் ஒரு துறைமுக நகரத்துக்குத் துறைமுகத்தைத் தவிர மற்ற எல்லாம் இருந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே இருநூறு ஆண்டுக்கு மேல், சென்னைக்கு வந்த ஒவ்வொரு துரையும் அலையேறித்தான் வந்தார். கப்பல் ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரம் போடும். கரையிலிருந்து மசூலாப் படகு வரும். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு இந்த அலையில் மோதினால் விண்டு போகும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். கவர்னர், நீதிபதி, பாதிரியார், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடி லண்டனிலிருந்து கிளம்பிய இளம்பெண் எல்லாரும் அந்தப் படகில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். படகோட்டிகள் ஒரே குரலில் பாடித் துடுப்புப் போடுவார்கள். அலை வரும் நேரம் நிறுத்துவார்கள், அலை தூக்கும் நேரம் கத்துவார்கள். பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும், விழுந்த துரையைப் பொறுக்கி எடுக்க. கடைசியில் கரை தட்டியதும் துரையை முதுகிலோ தோளிலோ சுமந்து மணலில் இறக்குவார்கள். கோட்டையில் பீரங்கி முழங்கும். தரையில் கால் வைக்கும் முன்பே முழங்கால் வரை நனைந்து, வாந்தியைத் துடைத்துக்கொண்டு, தான் ஆளப் போகிற ஒருவரின் முதுகில் தொங்கியபடி பதவியேற்ற ஆட்சியாளர்கள் வேறு எந்த ஊருக்கு இவ்வளவு பேர் வாய்த்திருப்பார்கள்? உலகத்தில் அதிகம் பேர் தங்கள் விருப்பத்துக்கு விரோதமாக அலைச்சறுக்கு செய்த இடம் சென்னை என்பது என் துணிபு.

படகு இறங்க முடியாத நாளிலும் கட்டுமரம் போகும். கப்பலுக்குக் கொண்டுபோகும் கடிதங்களைப் பாயால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அலைக்குள் பாய்வார்கள். உடம்பில் வேறு துணி பெயருக்குத்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபார ரகசியங்கள் எத்தனையோ நாள் ஒரு மீனவரின் உச்சந்தலையில் உட்கார்ந்து ஆடியிருக்கின்றன.

பிற்பாடு கம்பெனி போய் ராணி ஆட்சி வந்து, 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். கட்டி முடிக்கிற நேரம் பார்த்து 1881இல் ஒரு புயல் வந்து வாரிக்கொண்டு போயிற்று. மறுபடி கட்டினார்கள். தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்த மணலைத் துறைமுகச் சுவர் தடுக்க, அது தேங்கித் தேங்கி மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அலையில் நனைய விரும்பாத துரைகள் செய்த ஏற்பாட்டின் உபரிதான் நாம் சுண்டல் தின்னும் இடம்.

இனி கோவளம். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம், கேரளத்துக் கோவளம் அன்று. இந்தக் குழப்பம் பின்னால் ஒரு பதக்கம் வரைக்கும் வரப் போகிறது. இந்தச் சின்ன ஊர்மேல் கண் வைக்காத ஐரோப்பியர் குறைவு. 1720களில் ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள் இங்கே கடை போட்டார்கள். அவர்கள் கிளம்பிய பிறகு ஆற்காட்டு நவாப் தரப்பின் கோட்டை ஒன்று இருந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்த விதத்துக்கு நாடகக் கலை விருது கொடுக்க வேண்டும். ஒரு கப்பல் கரைக்கு எதிரே வந்து ஆபத்து என்று சைகை காட்டியது. போய்ப் பார்த்தவர்களிடம், ஸ்கர்வி நோயில் பாதிப் பேர் செத்தார்கள், மீதிப் பேரும் கரை இறங்காவிட்டால் சாவார்கள் என்று அழுதார்கள். நல்ல பணம் கிடைக்கும் என்று கோட்டைத் தலைவரும் மனம் இரங்கினார். ஒட்டிய கன்னமும் குழி விழுந்த கண்ணுமாக முப்பது பேரைப் பொறுக்கி அனுப்பினார்கள். இருமிக்கொண்டும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டும் உள்ளே போனார்கள். துணிக்குள் ஆயுதம். ராத்திரி எல்லாருக்கும் உடம்பு சரியாகிவிட்டது. விடியும்போது கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில்.

1752 செப்டம்பரில் இதை மீட்க ராபர்ட் கிளைவ் வந்தார். வந்த படை ஐந்நூறு சிப்பாய்கள், கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய இருநூறு ஆங்கிலேயப் புதுசுகள். லண்டன் தெருக்களில் கூட்டிப் பெருக்கி ஏற்றிய சரக்கு அது என்று மெக்காலே மனமாரத் திட்டியிருக்கிறார். கோட்டையிலிருந்து வந்த ஒரே குண்டில் ஒருவர் விழ, மிச்சப் பேர் மொத்தமாகத் திரும்பி ஓடினார்கள். கிளைவ் பெரும்பாடுபட்டு அவர்களைத் திரட்டிக் கொண்டுவந்தார். இன்னொரு நாள் பீரங்கிச் சத்தம் கேட்டுக் காவலுக்கு நின்றவர் காணாமல் போனார். சில மணி நேரம் கழித்து அவர் அகப்பட்டது ஒரு கிணற்றின் அடியில். இந்தியாவில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் எப்படி உருவாயிற்று என்று தேர்வில் கேட்டால், ஒரு பகுதி கிணற்றுக்குள் உருவாயிற்று என்று எழுதலாம், மதிப்பெண் கிடைக்காது. கடைசியில் ஓடியவர்களையே வைத்துக் கிளைவ் கோட்டையைப் பிடித்து, செங்கல்பட்டையும் பிடித்தார். கோவளக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1974இலிருந்து ஒரு பெரிய ஓட்டல் இருக்கிறது. டச்சுக் கோட்டைமேல் கட்டியது என்று சொல்வார்கள். இவ்வளவு பேர் வந்து போன இடத்தில் டச்சுக்காரர் பெயர் ஒட்டிக்கொண்டது அவர்கள் அதிர்ஷ்டம்.

அந்த ஓட்டலுக்கு எதிரே அலையில் போய்வந்த மீனவர்களை இந்த நூற்றாண்டுகளில் யாரும் விளையாட்டு வீரர் என்று அழைக்கவில்லை. அதற்கு வெளியூர்ச் சான்றிதழ் வேண்டியிருந்தது. பசிபிக் பக்கம் கேப்டன் குக்கின் ஆட்கள் 1777இல் தாஹிதியில் ஒருவர் ஓடத்தில் அலையேறுவதைப் பார்த்து, எவ்வளவு இன்பமாக இருக்கிறார் என்று வியந்து எழுதினார்கள். 1779இல் ஹவாயின் ஒரு விரிகுடாவில் பலகைமேல் அலையேறுவோரை லெப்டினன்ட் கிங் வருணித்தார். குக் அதே விரிகுடாவில் அதே ஆண்டு கொல்லப்பட்டார், அது வேறு சண்டை. பிறகு ஹவாய், கலிபோர்னியா, ஆஸ்திரேலியா என்று அது மதமாகப் பரவியது. ஹவாய்க்காரர் செய்தது இன்பம், நம் ஆள் செய்தது ‘கடலுக்குப் போனான்’. நம் ஆளும் ‘இன்பம்’ என்று ஒப்புக்கொள்ள மாட்டார், அது வேறு. மீன் விலை போகாத நாளில் அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இந்தியாவில் இந்த மதத்தைப் பரப்ப வந்தவர் நிஜமாகவே ஒரு சாமியார். புளோரிடாவில் அலையேறி வளர்ந்த ஜாக் ஹெப்னர், காவி கட்டி, 2004இல் கர்நாடகத்து முல்கியில் அலைச்சறுக்கு ஆசிரமம் தொடங்கினார். காலையில் ஜெபம், பிறகு அலை. ‘சர்ஃபிங் சுவாமி’ என்றே பெயர். எதையும் ஒரு சாமியார் வந்து சொன்னால்தான் நமக்குப் பிடிபடும் என்பது அந்த அமெரிக்கருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

கோவளத்தில் காவி தேவைப்படவில்லை. மூர்த்தி மேகவன் என்ற மீனவர், வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பலகையில் ஏறிப் பார்த்தார். முதல் அலையிலேயே நின்றுவிட்டார் என்று வியந்தார்களாம். நிற்காமல்? ஐந்து வயதிலிருந்து மரத்துண்டின் மேல் அதே அலையில் வந்துபோகும் ஊரில், வழவழப்பான பலகையைக் கொடுத்துவிட்டு ‘எப்படித் தம்பி கத்துக்கிட்டே?’ என்று கேட்டால் அவர் என்னதான் சொல்வார்! தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012இல் அங்கே சமூக அலைச்சறுக்குப் பள்ளி எழுந்தது. மீனவப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் பலகை இலவசம் என்று ஏற்பாடு. 2013இல் இசையோடு சேர்த்து அலைத் திருவிழா தொடங்கியது. தென்னாப்பிரிக்க கிரிக்கெட்டின் ஜான்டி ரோட்ஸ் வந்து அலையில் விழுந்து எழுந்தார். அவர் வாழ்க்கையே விழுந்து எழுவதுதான் என்பதால் யாரும் பதறவில்லை. ஊர்க்காரர்கள் மட்டும் கொஞ்ச நாள் குழம்பினார்கள். விடியற்காலையில் கடலுக்குப் போகிறான், மீன் கொண்டுவருவதில்லை, ஆனால் பணம் கொண்டுவருகிறான். வீட்டில் என்ன பதில் சொல்வது? “சம்பளம் வாங்கிக்கிட்டு முங்குறாம்மா” என்றுதான்.

மாமல்லபுரத்தில் இடம் இன்னும் விசேஷம். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயலின் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை இந்தக் கரைக்குத் தெற்கிலிருந்து வருகிறது. கடற்கரைக் கோயிலை ஒட்டிய பாறைகளில் மோதித் திரும்பி, வடக்கு நோக்கி ஒரே சீராக உடைந்துகொண்டே போகும். கரையைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம் நீளும் அலை. வாடைக் காலத்தில் வரும் அலை பெரிசு, ஆனால் மூர்க்கம். ஆக, வைகாசியில் வரதர் கருட சேவைக்குக் காஞ்சி நிரம்பி வழியும்போது, ராஜசிம்மன் கட்டிய கோயிலின் பாறைகள் தங்கள் பக்கத்துக் கடமையைத் தொடங்கியிருக்கும். இதற்காகத்தான் அங்கே கோயில் கட்டினார் என்று நான் சொல்லவில்லை. யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

கூரத்திலிருந்தும் ஒருவர் முயன்றிருக்கிறார். கூரத்து நடராசர், பல்லவர் பாணி வெண்கலம், இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில். பிற்காலச் சோழர் நடராசர் போல இவர் காலைக் குறுக்கே வீசுவதில்லை. ஒரு காலை ஊன்றி, மறுகாலை முழங்காலோடு உயர மடக்கித் தூக்கி, நான்கு கைகளையும் சமனுக்கு விரித்து நிற்கிறார். எந்தப் பயிற்சியாளரும் குறை சொல்ல முடியாத நிலை. பலகைக்குப் பதில் முயலகன், அது ஒன்றுதான் வித்தியாசம். முயலகனுக்கு இதில் சம்மதமா என்று யாரும் கேட்டதில்லை.

இனி வருவது நிர்வாக வரலாறு, அதாவது சோகம். 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்தபோது கோவளமும் மாமல்லபுரமும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்தன. பல்லவர் காலத்துக்குப் பிறகு காஞ்சிக்கு முறைப்படி கடல் கிடைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கோவளத்து அலை ஒவ்வொன்றும் காஞ்சிபுரம் கலெக்டரின் அதிகாரத்துக்கு உட்பட்டே உடைந்தது. பட்டுச் சேலைக்குப் பெயர்போன மாவட்டம், ஈரக் கால்சட்டைக்கும் பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. காஞ்சி கவனிக்கவில்லை. கடலுக்குப் போனால் கறுத்துப் போவாய், ஜலதோஷம் பிடிக்கும், சனிக்கிழமை வேண்டாம் என்ற மூன்று காரணங்களில் ஏதாவது ஒன்று எப்போதும் கைவசம் இருந்தது.

2019 அக்டோபர் 11ஆம் தேதி சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரத்தில் வந்து இறங்கினார். ராஜசிம்மன் அனுப்பிய தூதுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்துப் பதில் மரியாதை. வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் அவரும் பிரதமர் மோடியும் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கோவளத்து ஓட்டலில் தங்கிய மோடி காலையில் கடற்கரையில் குப்பை பொறுக்கினார். உலகமே காஞ்சிபுரம் மாவட்டத்துக் கடலைப் பார்த்தது. அடுத்த மாதம் 29ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. கடற்கரை முழுவதும் அதோடு போயிற்று, ஒரு முழம் மணல்கூட மிச்சமில்லாமல். விக்கிரமாதித்தனுக்காவது கந்தல் மிஞ்சியது.

போனபிறகுதான் வரிசையாக யோகம். 2021இல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ். 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீகின் தகுதிச் சுற்றுப் போட்டி மாமல்லபுரத்தில், இந்தியாவில் முதல் தடவையாக. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் அங்கேயே. அதில் ரமேஷ் புதிஹால் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வென்றார், இந்தியர் ஒருவர் ஆசியப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெறுவது அதுவே முதல். எந்த ஊர் என்று விசாரித்தால் கோவளம் என்றார்கள். கேரளத்துக் கோவளம். நம் கோவளத்துக்காரர்கள் நல்லவர்கள், ஊர்ப் பெயர் ஒன்றுதானே என்று கைதட்டினார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது மிச்சமிருக்கும் பெரிய நீர்ப்பரப்பு செம்பரம்பாக்கம் ஏரி. அங்கே அலை எழுந்தால் அது விளையாட்டுப் பக்கத்தில் வராது. நீர்வளத்துறை அறிவிப்பாக வரும்.